முப்பத்தோரு இடத்தில் பாக்கோணும்

ஆகஸ்ட் 9, 2008, சனி

இன்று மயிலாளக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது எனக்கு உடனே புரியவில்லை. அதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

காலை பத்தரைக்கு முதலாளி லிங்கசாமி எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் நேவி நிறத்தில் இரண்டு டி-ஷர்ட் கிடந்தன. இரண்டும் ஒரே அளவுச் சீட்டு. ஒன்று தைத்தபடியே இருந்தது. மற்றொன்றை, ஆர்டர் கொடுத்த பையிங் ஆபீசில் ஒரே ஒருமுறை துவைத்து உலர்த்தியிருந்தார்கள். அது பன்னிரண்டு வயதுப் பையனுக்குத்தான் போதும்.

பக்கத்தில் என்னுடைய ரிப்போர்ட் இருந்தது. நான் கணினியில் எடுத்து, ஃபைலில் போட்டுக் கொடுத்த தாள்.

"இதுல நாலு பாயிண்ட் ஒண்ணுன்னு இருக்குதுங்க," என்றார் முதலாளி. "துணி பதினொண்ணு சுருங்கியிருக்குது. அளந்தது நீங்கதானுங்களே, மயிலாளு?"

"நானுதானுங்க."

"அப்புறம் எப்படீங்க?"

அக்கா தாளைக் கையில் எடுத்து மேலும் கீழும் பார்த்தாள். அதில் மூன்று கட்டங்கள், ஒரு பட்டை வரைபடம், மூன்று சராசரிகள். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"என்ற எழுத்து இதுல இல்லீங்களே," என்றாள். "நான் எழுதியிருக்கறனுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏப்பா சகாயம், ரிஜிஸ்டர்ல இருக்கற நம்பரைத்தானே போட்டே?"

"ஆமா முதலாளி. இருக்கிற நம்பர் எல்லாத்தையும் போட்டிருக்கேன்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் துவைத்த சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"பதினொரு வருசமா நல்லாத்தான் பண்ணிக் குடுத்தீங்க. கண்ணும் செரியாத் தெரியறதில்லீன்னீங்க. இனி நீங்க செரமப்பட வேண்டாமுங்க."

கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வர லீவு தருகிறார் என்றுதான் நினைத்தேன். நல்ல மனிதர் என்றுகூட நினைத்தேன். அக்கா "செரீங்க" என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தால், தன் சொந்தக் கத்தரிக்கோலை ஒரு துண்டுத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பாட்டுத் தூக்குப்போசியையும் எடுத்தாள். லீவில் போகிறவர்கள் கத்தரிக்கோலை எடுத்துப்போக மாட்டார்கள்.

எட்டடி தூரம். நான் எழுந்து போகவில்லை. என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்தேன். பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. முறைப்படி முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் தெளியும் என்று தோன்றுகிறது.

எங்கள் பனியன் கம்பெனி நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கிறது. சாயம் போட்டு, காம்பாக்டிங் முடிந்து துணி உருளை உருளையாக வரும். காம்பாக்டிங் என்றால் துணியை முன்கூட்டியே நெருக்கிவிடுவது. அது சரியாக இருந்தால் பிறகு துவைக்கும்போது அதிகம் சுருங்காது. ஒவ்வோர் உருளையிலும் மயிலாளக்கா ஒரு துண்டு வெட்டி, ஐம்பது சென்டிமீட்டருக்குச் சதுரம் போட்டு, துவைத்து உலர்த்தி மறுபடி அளப்பாள். நூற்றுக்கு ஐந்துவரை சுருங்கலாம். அதற்குமேல் போனால் அந்தத் துணியை வெட்டக் கூடாது. திரும்பக் காம்பாக்டிங்குக்கு அனுப்ப வேண்டும். எண்ணை ரிஜிஸ்டரில் எழுதுவாள். ஜூன்வரை துணிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட நஞ்சப்பன் அண்ணன் தினமும் காலையில் வந்து ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுப் போவார். அவர் உடுமலைப்பேட்டையில் தோப்பைப் பார்க்கப் போய்விட்ட பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை.

அந்த இடத்துக்குத்தான் என் ரிப்போர்ட் வந்தது. செய்து தருகிறேன் என்று முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நான் போகும் மாலைக் கணினி வகுப்பில் ராபின் சார் 'ஆர்' (R) சொல்லித் தருகிறார். புள்ளிவிவரக் கணக்குக்கான கணினி மொழி. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதால் அதைப் பிடித்துக்கொண்டார். ரிஜிஸ்டரை நான் கணினியில் அடித்து, ஆரில் ஒரு நிரல் எழுதி, லாட் வாரியாக, அதாவது ஒரே சாயத்தில் வந்த உருளைகளுக்கு ஒன்றாக, சராசரி எடுத்தேன். என் வேலை டைப் அடிப்பது மட்டும். இந்த ரிப்போர்ட்டால் அதற்குமேல் ஏதாவது ஆக முடியும் என்று ஓர் ஆசை இருந்தது. இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ரிஜிஸ்டரில் சில இடங்களில் அக்கா எண் போடாமல் 'பாக்கோணும்' என்று எழுதியிருந்தாள். எங்கள் சாத்தான்குளம் பக்கத்தில் பார்க்கணும் என்றால் இன்னும் பார்க்கவில்லை, இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஆகவே அளக்க நேரமில்லாமல் விட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்த நீளமான சொல்லை ஒவ்வொரு முறையும் அடிப்பானேன் என்று pk என்று அடித்தேன்.

நிரல் ஓடும்போது ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றும். pk எண்ணாக மாறாது. ஆர் அந்த இடத்தில் NA, அதாவது மதிப்பு இல்லை, என்று வைத்துக்கொண்டு, மாற்றியதில் சில இடங்கள் எண்ணாகவில்லை என்று கடைசியில் ஓர் எச்சரிக்கை சொல்லும். நிரல் நிற்காது. வேலையை முடித்துவிட்டுத்தான் சொல்லும்.

முதலாளிக்கு முதல்முறை ஓட்டிக் காட்டியபோது அந்த வரியும் திரையில் வந்தது.

"அது என்னப்பா கீழ, என்னமோ எச்சரிக்கையாட்டம்?"

"அது ஒண்ணுமில்ல முதலாளி. சும்மா வரும்."

அன்று மாலையே அந்த வரியைச் சுற்றி suppressWarnings என்று போட்டேன். எச்சரிக்கைகளை வெளியே விடாதே என்று அர்த்தம். சராசரி எடுக்கும் இடத்தில் NA எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொன்னேன். மறுநாள் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. முதலாளி என் தோளில் தட்டினார்.

எத்தனை துண்டுகளின் சராசரி என்று அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஆனாலும் தப்பு அக்காவுடையதுதானே? பாதியை அளக்காமல் விட்டது அவள்தானே? அப்படித்தான் என்று எழுதினேன், கோடு போட்டு அடித்தேன், மறுபடி எழுதினேன். தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

லேப் பூட்டியிருந்தது. சரக்கு போக வேண்டிய தேதி நெருங்கிவிட்டதால், புது ஆள் வரும்வரை பழைய ரிப்போர்ட்டை வைத்து ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நேவி லாட் தைத்து முடித்தாயிற்று. மெரூன் லாட் வெட்டித் தையலில் இருக்கிறது. கரும்பச்சை லாட் நாளைக்கு வெட்டுமேசைக்கு வருகிறது. மூன்றுக்கும் என் ரிப்போர்ட்தான்.

வகுப்புக்குப் போனபோது கரண்ட் இல்லை. ராபின் சார் ஜன்னலோரம் பலகையை இழுத்துப் போட்டு, "கம்ப்யூட்டர் இல்லாம இன்னைக்கு நல்லா படிக்கலாம் மக்களே," என்றார். மார்த்தாண்டத்துக்காரர். எங்களைவிட மூன்று நான்கு வயதுதான் கூட.

பலகையில் எரர் என்று ஒரு பக்கம், வார்னிங் என்று ஒரு பக்கம் எழுதினார். "வித்தியாசம் சொல்லுங்க."

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த அனுசுயா சொன்னாள். அவள் அப்பா நாலு நிட்டிங் மெஷின் போட்டு, கூலிக்குத் துணி பின்னித் தரும் ஜாப் வொர்க் செய்கிறார்.

"சார், நூல் அறுந்தா மெஷின் நின்னு போயிருமுங்க. மேல செவப்பு லைட் எரியும். அது எரர்."

"சரி. வார்னிங்?"

"ஊசி ஒண்ணு ஒடைஞ்சா மெஷின் நிக்காதுங்க. சத்தம் மட்டும் லேசா மாறும். துணியும் வந்துட்டேதான் இருக்கும். முழு ரோலையும் விரிச்சுப் பாத்தா நெட்டுக்கு ஒரு கோடு உழுந்திருக்கும். எங்கப்பன் ரேடியோவைச் சத்தமா வெச்சுட்டு ஒரு நாள் பூரா கோடு கோடா ஓட்டி வெச்சுச்சுங்க."

வகுப்பே சிரித்தது. ராபின் சார் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். "இதைவிட நல்லா நான் சொல்ல முடியாது. நான் உக்காந்துக்கவா?"

பிறகு tryCatch என்று எழுதினார். பத்து லாட்டின் ஃபைலைப் படிக்கும்போது ஒரு ஃபைல் இல்லாவிட்டால் மொத்த நிரலும் செத்து விழ வேண்டியதில்லை. அந்த எரரைப் பிடித்து, எந்த லாட் இல்லை என்று குறித்துவிட்டு, அடுத்த லாட்டுக்குப் போகச் சொல்லலாம். வார்னிங்கையும் பிடிக்கலாம். எந்த வரி, என்ன எழுத்து கிடந்தது என்று ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டு வேலையைத் தொடரச் சொல்லலாம்.

"பிடிக்கிறது பெரிசில்ல. பிடிச்சு என்ன செய்யப் போறீங்கங்கிறதுதான் கேள்வி. சில பேர் suppressWarnings போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருவாங்க. அது எந்த வார்னிங்னு தெரிஞ்சு, அதனால கேடில்லன்னு தெரிஞ்சா மட்டும் போடலாம். இங்க யாரெல்லாம் போட்டிருக்கீங்க?"

நான் கையை மேசைக்கு மேலே கொஞ்சம் தூக்கினேன். அனுசுயா பார்த்துவிட்டாள். "சார், இவரு ரேடியோவை வெச்சுட்டாருங்க," என்றாள்.

இடைவேளையில் டீக்கடைக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"எங்கக்காளைப் பொண்ணுப் பாக்க வந்திருந்தாங்க. ஒம்பது பேரு. எங்கம்மா சுட்ட பலகாரம் அத்தனையும் காலி."

"என்ன சொன்னாவ?"

"எந்திரிச்சுப் போறப்ப, 'பாக்கலாமுங்க'ன்னாங்க."

"அப்ப இன்னொருக்க வருவாவளோ?"

அவளுக்கு டீ புரையேறிவிட்டது. "இன்னொருக்காவா? எத்தன வருசமா இந்தூர்ல இருக்கறீங்க?"

"அஞ்சு வருசம்."

"பாக்கலாமுங்கன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். பாத்தாச்சு, புடிக்கலீன்னு அர்த்தம்."

"இனிமே பாக்கணும்னுதான சொல்லுதாவ?"

"பாக்காதவங்க எதுக்கு அதைச் சொல்றாங்க? பாத்தவங்கதான் சொல்லுவாங்க. எங்கம்மா பலகாரத்தைத் தின்னுபோட்டு மொகத்துல அடிச்சாப்பல வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

கையில் டம்ளர் சுட்டது. கீழே வைத்தேன்.

"அனுசுயா, ஒரு லேப் ரிஜிஸ்டர்ல நம்பர் போடாம 'பாக்கோணும்'னு எழுதியிருந்தா?"

"யாரு எழுதுனது?"

"ஒரு அக்கா. அனுப்பர்பாளையத்துக்காரங்க."

"நம்மூரக்காவா? அப்ப அளந்து பாத்திருக்குது. அளவு கெட்டுக் கெடக்குது. மேல இருக்கறவங்க என்னன்னு பாருங்கன்னு எழுதியிருக்குது." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஏனுங்க, என்னாச்சு?"

இரண்டாம் மணி நேரம் எனக்குக் காதில் விழவில்லை. அனுசுயா சொல்வது ஊகம்தான். அவள் எங்கள் ரிஜிஸ்டரைப் பார்த்ததில்லை. அவள் சொல்வதும் தவறாக இருக்கலாம். நாளைக் காலையில் அளந்து பார்த்தால் தெரியும். துண்டுகளை அக்கா எறிய மாட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஏழரைக்கே போய் வாட்ச்மேனிடம் லேப் சாவியை வாங்கினேன். துவைத்த துண்டுகள் அலமாரியில் லாட் வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் உருளை எண்ணை அக்கா மார்க்கரில் எழுதியிருக்கிறாள்.

முதலில் கரும்பச்சையை எடுத்தேன். ரிஜிஸ்டரில் ஒன்பது உருளைக்குப் 'பாக்கோணும்'. ஒன்பது துண்டும் இருந்தன. ஒன்பதும் துவைத்தவை. ஒன்பதிலும் சதுரம் போட்டிருந்தது. ஸ்கேலை வைத்தேன். ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து. அடுத்தது நாற்பத்து நாலரை. அடுத்தது நாற்பத்தைந்து. நான் தப்பாக வைக்கிறேனோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தேன். பிறகு எண் போட்டிருந்த துண்டுகளையும் எடுத்து அளந்தேன். அவள் எழுதியதும் நான் அளந்ததும் ஒன்றாகவே இருந்தன, எல்லாவற்றிலும். அவள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

நேவியில் 'பாக்கோணும்' பன்னிரண்டு. மெரூனில் பத்து. அவையும் அப்படியே சுருங்கியிருந்தன.

கணினியைப் போட்டு நிரலில் suppressWarnings என்ற சொல்லை எடுத்துவிட்டு ஓட்டினேன். முப்பத்தோர் எச்சரிக்கைகள் இருந்தன, பார்க்க வேண்டுமானால் warnings() என்று அடிக்கவும் என்று வந்தது. ஜூலையிலிருந்து நான் ஒவ்வொரு முறை ஓட்டியபோதும் அது இதைச் சொல்ல முயன்றுகொண்டே இருந்திருக்கிறது.

அப்போது எட்டே முக்கால். முதலாளி ஒன்பதுக்கு வருவார். அந்தக் கால் மணி நேரத்தில் நான் நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். கரும்பச்சை லாட்டை மட்டும் ஏதாவது சொல்லி நிறுத்திவிடலாம். ரிப்போர்ட்டைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். அக்காவுக்கு இந்த ஊரில் வேறு கம்பெனி கிடைக்காமலா போகும். மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் அடுத்த கம்பெனியில் கேட்பார்கள், அங்கிருந்து ஏன் வந்தீர்கள் என்று. லேபுக்காரிக்கு அளக்கத் தெரியாது என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும். அந்தப் பேச்சுக்கு அச்சடித்த அத்தாட்சி கொடுத்தவன் நான்.

முதலாளி வந்ததும் மூன்று துண்டு, ஸ்கேல், ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் அவர் மேசையில் வைத்தேன்.

"முதலாளி, அக்கா சரியாத்தான் அளந்திருக்காங்க. கெட்ட அளவு எல்லாத்துக்கும் பாக்கோணும்னு எழுதியிருக்காங்க. நான் அதை விட்டுட்டு நல்ல அளவுக்கு மட்டும் சராசரி போட்டுட்டேன்."

அவர் ரிஜிஸ்டரைத் திருப்பினார். விரலால் அந்தச் சொற்களை ஒன்றொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"அன்னைக்குக் கேட்டனே, இருக்கற நம்பரைத்தான் போட்டியான்னு."

"நம்பர் எல்லாம் போட்டேன். எழுத்தைப் போடல. நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன்."

"இந்தூர்ல அஞ்சு வருசமா இருக்கற. பாக்கோணும்னா என்னன்னு தெரியாதா?"

"தெரியல முதலாளி. கேக்கவுமில்ல."

அவர் போனை எடுத்தார். வெட்டுப் பிரிவில் இருக்கும் பெருமாள்சாமிக்கு. "பச்சையைத் தொட்டுப்போட்டீங்களா? ... விரிச்சாச்சா? எத்தனை அடுக்கு? ... கத்தியை வெக்காதீங்க. வெக்காதீங்கன்னா வெக்காதீங்க சாமி, அப்புறம் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு ரிஜிஸ்டரை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "நானும் இதைத் தொறந்து பாக்கலே," என்றார். என்னிடம் சொன்னதுபோல இல்லை.

பிறகு சொன்னார்: "இனிமே உன்ற ரிப்போர்ட்டு வேண்டாம். நஞ்சப்பன் இருந்தப்ப மாதிரியே பெருமாள்சாமி காலையில ரிஜிஸ்டரைப் பாக்கட்டும். நீ டைப் அடிக்கிற வேலையைப் பாரு."

"சரிங்க."

"இரு. வண்டிச் சாவியை எடுத்துட்டுப் போயி மயிலாளைக் கூட்டிட்டு வா. மொதலாளி வரச் சொன்னார்னு சொல்லாதே." கொஞ்சம் யோசித்தார். "தப்பு இங்கதான்னு சொல்லு. அதுக்கப்புறம் அவங்க இஷ்டம்."

அனுப்பர்பாளையத்தில் அவள் வீடு ஒரு பாத்திரப் பட்டறைக்குப் பின்னால். அதற்குள் பட்டறையில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டிருந்தாள். எவர்சில்வர் குடத்தைத் துடைத்துத் தாளில் சுற்றும் வேலை. பாலிஷ் மெஷின் சத்தத்தில் நான் சொன்னது பாதி கேட்கவில்லை. வெளியே வந்தோம். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். pk என்று அடித்ததையும், எச்சரிக்கையை மறைத்ததையும், இன்று காலை அளந்ததையும். கையில் குடம் துடைத்த துணி இருந்தது. அதை நாலாக மடித்தாள்.

"நஞ்சப்பண்ணன் இருந்தப்ப எழுதி வெச்சா அன்னைக்கே அந்த ரோலு கெளம்பிப் போயிரும். செரியாகித் திரும்பி வந்தப்புறம் மறுக்கா அளந்து நம்பரைப் போடுவனுங்க," என்றாள். "இப்ப ஒரு ரோலும் திரும்பி வல்லே. மேல பாத்துட்டுத்தான் உடறாங்களாட்டிருக்குதுன்னு நெனச்சனுங்க."

"நானும் நீங்க அளக்காம விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்க்கா."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே, தம்பி. கண்ணாடிக்கு அந்தப் பக்கந்தான் இருந்தனுங்க."

மன்னிச்சிருங்க என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவள் கேட்டதற்கு முன்னால் அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நானாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"நேவி போச்சுங்களா?"

"தைச்சாச்சுக்கா."

"மெரூனு?"

"வெட்டியாச்சு. தையல்ல இருக்கு."

"பச்சை?"

"மேசையில விரிச்சிருக்காங்க. வெட்டல. முதலாளி நிறுத்தச் சொல்லியிருக்காரு."

அவள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங், மீதிக் கொடத்த நீங்களே சுத்திருங்க," என்று கணவரிடம் சத்தம் போட்டுச் சொன்னாள். என்னிடம், "பெருமாள்சாமி சும்மா இருக்கற ஆளில்லீங்க. துணி மேசையில கெடந்தா அவருக்குக் கை அரிக்கும். எடுங்க வண்டியை," என்றாள். வேலைக்குத் திரும்பி வருகிறாளா என்று கேட்க நினைத்தேன். அவள் ஏற்கனவே பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளவில்லை. மறந்தாளா, வேண்டாம் என்றா? கேட்டேன்.

"அக்கா, கத்தரி?"

"நாளைக்குக் கொண்டாரனுங்க," என்றாள்.

பெருமாள்சாமி மேசைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். கரும்பச்சைத் துணி மேசை நீளத்துக்கும் அடுக்கடுக்காகக் கிடந்தது. "வாங்க லேப் மேடம்," என்றார். "காலையில அஞ்சு பேரு மாங்கு மாங்குன்னு விரிச்சோம். இப்ப மறுபடி சுத்தோணுமாமா? யாரு சுத்தறது?"

"விரிச்சவங்கதானுங்க," என்றாள் அக்கா.

"என்ற ஆளுங்க வெட்டறவங்க. பாய் சுருட்டறவங்க இல்ல."

"அப்ப வெட்டுங்க. அப்புறம் பையிங் ஆபீஸ்காரன் வந்தா, பொம்மைக்குப் போடற சட்டைன்னு நீங்களே சொல்லிருங்க."

வெட்டு ஆட்கள் சிரித்தார்கள். பெருமாள்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சிரிப்பை அடக்கத்தான் திரும்பினார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

அக்கா ரிஜிஸ்டரைப் பார்த்து உருளை எண்களைச் சொன்னாள். எந்தெந்த அடுக்கு எந்த உருளை என்று பெருமாள்சாமி காட்டினார். ஒன்பதையும் தனியாகப் பிரிக்க வேண்டும். ஒருவர் அந்த முனையைப் பிடிக்க, ஒருவர் இந்த முனையிலிருந்து சுருட்ட வேண்டும். ஆள் ஒன்று குறைந்தது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முனையைப் பிடித்தேன். பனியன் துணி இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை மாதமாக இதை எண்களாக மட்டுமே பார்த்திருக்கிறேன். வழுக்கியது. வேகமாக முடிக்கலாம் என்று என் பக்கம் இழுத்தேன்.

"இழுக்காதீங்க தம்பி," என்றாள் அக்கா மேசையின் அந்தப் பக்கமிருந்து. "இழுத்தா நீண்டுக்கும். அது வர்ற வேகத்துக்கே உடுங்க."

கையைத் தளர்த்தினேன். துணி தானாகவே வந்தது. ஒன்பதாவது உருளை முடியும்போது மணி ஒன்றரை.